உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி



மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தொட்டியில் எண்ணெய் இருக்கிறது. சங்கிலி சரியாக இருக்கிறது. சக்கரத்தில் காற்றும் இருக்கிறது. ஆயினும் வண்டி கிளம்ப மறுக்கிறது. மெக்கானிக் வருகிறார். பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். அதை எஞ்சின் இரும்போடு ஒட்டி வைத்து, “இப்போது உதையுங்கள்” என்கிறார். நீல நிறத்தில் ஒரு சிறு பொறி பறந்தால் அவர் முகம் தெளிகிறது. பறக்காவிட்டால் அவருடைய தேடல் அங்கே தொடங்குகிறது.

கடுகளவே உள்ள அந்தப் பொறிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குள் அது செய்ய வேண்டிய வேலை மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். பொறி உண்டாகிறதா? அது உரிய சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறதா? உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா? இம்மூன்றுக்கும் விடை காண அறிஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதே கேள்விகளுக்கு, தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கார் கட்டிய சாதாரண மனிதர்கள் ஒரே மாலையில் விடை காண வேண்டியிருந்தது. அவர்களிடமிருந்தே நாம் தொடங்குவோம்.

கொட்டகையில் ஒரு கார்

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற இளம் பொறியாளர் 1952 இல் லோட்டஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957 இல் அவர் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ என்ற கார், இருவர் மட்டுமே அமரக்கூடிய சின்னஞ்சிறு வண்டி. எடை ஏறத்தாழ அரை டன்தான். எடை குறைவானதால் சிறிய எஞ்சினைக் கொண்டே அது காற்றாய்ப் பறந்தது.

இக்காரை முழுமையாகவும் வாங்கலாம். உதிரி உறுப்புகளாகவும் வாங்கலாம். அக்காலத்தில் பிரிட்டனில் புதிய கார்களுக்கு அரசாங்கம் கொள்முதல் வரி விதித்திருந்தது. உறுப்புகளாக வாங்கி வீட்டிலே பூட்டிக்கொள்ளும் காருக்கு அவ்வரி இல்லை. ஆகவே மாதச் சம்பளக்காரர் ஒருவரும் கையுழைப்பைக் கொடுத்துப் பந்தயக் கார் போன்ற ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிவிலக்குக் கிடைக்காது என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் செய்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது இந்தச் சலுகை மறைந்தது. ஆனால் தாமே கார் கட்டும் ஆர்வம் மறையவில்லை. அதே 1973 இல் செவன் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. இன்றும் அந்தக் கார் கட்டப்படுகிறது.

எஞ்சினும் கியர்பெட்டியும் பெரும்பாலும் சாதாரண ஃபோர்ட் கார்களில் இருந்து வந்தவை. 1959 இல் வெளிவந்த ஃபோர்ட் ஆங்லியா காரின் 997 கன செண்டிமீட்டர் எஞ்சினும், அதன் வழிவந்த பெரிய எஞ்சின்களும் இவ்வகையில் பெயர் பெற்றவை.

மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு ஒருவர் காரைக் கட்டி முடிக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் கொட்டகை வாசலில் நிற்க, சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுழல்கிறது, உயிர் பெறவில்லை. மீண்டும் திருப்புகிறார். கார்புரேட்டர் வழியே ‘டப்’ என்று ஒரு வெடி. மீண்டும் மௌனம். போட்ட பணமும் பட்ட பாடும் அந்த ஒரு மௌனத்தில் தொங்கி நிற்கின்றன. அவர் என்ன செய்ய வேண்டும்? அதை அறிய, பொறி எப்படிப் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதற் கேள்வி: பொறி உண்டாகிறதா?

மின்பொறியால் வாயுவை வெடிக்கச் செய்யலாம் என்பதை இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1777 ஆம் ஆண்டளவிலேயே செய்து காட்டினார். ஆனால் வேண்டும்போதெல்லாம் வலிமையான பொறியைப் பெறும் வழி அப்போது இல்லை.

அவ்வழியைத் திறந்தவர் மைக்கேல் ஃபாரடே. இவர் ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சென்றார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரத்தை ஓடவிட்டு நிறுத்தினால், அருகிலுள்ள மற்றொரு சுருளில் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1831 இல் அவர் கண்டுபிடித்தார். இன்று நாம் ‘காயில்’ என்று சொல்லும் உறுப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. அதற்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், மயிரிழை போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்றுகளும் உண்டு. பேட்டரியின் 12 வோல்ட் தடித்த சுருளில் ஓடித் திடீரென அறுபடும்போது, மெல்லிய சுருளில் பதினைந்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்புகிறது. அந்த வேகத்தில்தான் மின்சாரம் பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது.

1860 இல் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினில் இத்தகைய சுருளையும் பிளக்கையும் பயன்படுத்தினார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் பேட்டரியும் சுருளும் இருந்தன. பொறி மூட்டுவதையே சிக்கல்களுக்கெல்லாம் சிக்கல் என்று பென்ஸ் கருதினார்.

அந்தச் சிக்கலை நடுவழியில் சந்தித்தவர் அவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். பொறிக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்துபோய் மின்சாரம் கசிந்தது. தம் காலுறையைப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிக் கம்பியில் சுற்றினார். வண்டி மீண்டும் ஓடிற்று. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைக் காப்பாற்றியது ஒரு குடும்பத் தலைவியின் கைவேலை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்பட்டை உணர்த்தும் பாடம் நமக்கு நெருக்கமானது. மின்சாரத்தை உண்டாக்கினால் மட்டும் போதாது. அதைக் கசியாமல் கட்டிக் காக்கவும் வேண்டும். அந்தக் காவலை நெடுங்காலம் செய்தது ரப்பர். பிளக் கம்பிகளுக்கு ரப்பர் உறை போட்டார்கள். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் எபொனைட் என்னும் கடினப் பொருளில், பொறி உண்டாக்கும் கருவிகளின் உறுப்புகளைச் செய்தார்கள். பிற்காலத்தில் பேக்கலைட்டும் சிலிக்கோனும் இவ்விடங்களைப் பிடித்தன. 1877 இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகள் 22 மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தோட்டங்கள் பெருகியதும், உலகில் மோட்டார் கார்கள் பெருகியதும் ஒரே காலத்தில்தான். டயருக்கு மட்டும் நம் முன்னோர் பால் வெட்டவில்லை. அந்தப் பொறிக்கும் சேர்த்தே வெட்டினார்கள்.

பேட்டரி அக்காலத்தில் கனமானது. விரைவில் தீர்ந்தும் போகும். ஆகவே பேட்டரி இல்லாமலே, காந்தத்தைக் கொண்டு எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ‘மேக்னெட்டோ’ வந்தது. 1886 இல் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை திறந்த ராபர்ட் பாஷ், மறு ஆண்டே நிலையான எஞ்சினுக்கு மேக்னெட்டோ செய்தார். 1897 இல் அதை ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு அவருடைய பட்டறை மாற்றியமைத்தது. 1902 இல் அங்கே பணிபுரிந்த ஹோனோல்ட் என்ற பொறியாளர், உயர் மின்னழுத்தம் தரும் மேக்னெட்டோவை உருவாக்கினார். முதற் கேள்விக்கு உறுதியான விடை கிடைத்துவிட்டது.

கையை முறித்த கைப்பிடி

ஆனால் நேரம் பற்றிய கேள்வி மனிதர்களின் கையை முறித்துக்கொண்டிருந்தது. இது வெறும் பேச்சு அன்று.

அக்காலக் கார்களுக்கு முன்புறம் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பொறி எப்போது பாய வேண்டும் என்பதை ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் திருத்திக்கொள்ள வேண்டும். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்ட் ‘மாடல் டி’ காரில் அந்த நெம்புகோல் ஸ்டியரிங்கின் இடப்புறம் இருந்தது. கிளப்பும்போது பொறியைப் பின்தள்ளி வைக்க வேண்டும். மறந்துபோய் முன்தள்ளி வைத்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் தீ மூண்டு, எஞ்சின் எதிர்ப்புறமாகச் சுழலும். கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டும் முழங்கையும் முறியும். இப்படி ஊனமுற்ற ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் ஏராளம். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் பிடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததன் காரணம் இதுவே.

ஏன் பொறியை முன்தள்ள வேண்டும்? சிலிண்டருக்குள் இருப்பது ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை, அது எரிகிறது. எரிந்து முடிய ஒரு வினாடியில் சுமார் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரமாகும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றும்போது, அந்த நேரத்தில் அச்சு 12 பாகை திரும்பும். 3,000 முறை சுற்றும்போது 36 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக் கூடப் பொறி முந்திக்கொள்ள வேண்டும். பால்வெட்டை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பின் அதே கத்தி, அதே மரம், அதே கைதான். ஆனால் பால் குறைந்துவிடும். எஞ்சினுக்கும் அப்படித்தான். பொறி இருப்பது வேறு, உரிய நேரத்தில் இருப்பது வேறு.

கெட்டரிங் தந்த விடை

இந்தத் துன்பத்துக்கு முடிவு தேடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். இவர் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கண்நோயால் படிப்பு இடையில் நின்றபோது, தொலைபேசிக் கம்பி இழுக்கும் கூலியாட்களோடு சேர்ந்து வேலை செய்தவர். ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், நண்பர் எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுக் கொட்டகையில், பகல் வேலை முடிந்த பிறகு தோழர்களோடு இரவில் உழைத்தார். அங்கே உருவான பேட்டரிப் பொறி அமைப்பு 1910 ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்றது. கைப்பிடிக்கு விடை கொடுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டுக் காரில் வந்தது. கார் ஓட்டக் கைவலிமை தேவை என்ற நிலை மாறியது.

கெட்டரிங்கின் அமைப்பு எளியது. ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறு உலோக முனைகள் சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். சுழலும் ஒரு முட்டு அவற்றைப் பிரிக்கும்போது மின்சாரம் அறுபட்டுப் பொறி பிறக்கும். முனைகளில் தீப்பொறி பறந்து அவை கருகிவிடாமல் ‘கண்டென்சர்’ காக்கும். பிறந்த மின்சாரத்தை ‘டிஸ்ட்ரிபியூட்டர்’ எனப்படும் பெட்டிக்குள் சுழலும் ஒரு கரம், வரிசைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். இரண்டாம் கேள்விக்கு விடை இதுவே. பின்னர் அதே பெட்டிக்குள் சிறு எடைகளும் விற்சுருள்களும் சேர்ந்தன. வேகம் கூடும்போது எடைகள் விரிந்து பொறியைத் தாமாகவே முன்தள்ளின. ஓட்டுநரின் நெம்புகோல் மறைந்தது. மூன்றாம் கேள்விக்கும் விடை கிடைத்தது. இந்த அமைப்பு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் உலகெங்கும் ஆட்சி செய்தது.

மீண்டும் கொட்டகைக்கு

இப்போது நாம் அந்தக் கொட்டகைக்குத் திரும்புவோம். மௌனமாக நிற்கும் எஞ்சினைக் கண்டு மனம் கலங்கியவர், புதுக் காயில், புதுப் பிளக், புதுக் கம்பி என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டத் தொடங்கினால் பணம்தான் கரையும். மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டால் வழி தெரியும்.

பொறி உண்டாகிறதா? பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியைக் கையில் பிடிக்கக் கூடாது. அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கவும் கூடாது. பொறி இல்லையென்றால், வீட்டில் கட்டிய காரில் முதலில் ஐயுற வேண்டியது தரைக்கம்பியை. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது அல்லவா? எனவே எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு ஒரு தடித்த கம்பி போட்டாக வேண்டும். அதையும் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் முடுக்க வேண்டும். காக்கும் ரப்பரே தடுக்கும் ரப்பராகவும் ஆகிவிடுகிறது. அடுத்தது காயில். 1970களின் கார்கள் பலவற்றில், குறைந்த வோல்ட்டுக்கான காயிலோடு ஒரு தடைக்கம்பியும் சேர்ந்து வந்தது. பழைய காரிலிருந்து காயிலை மட்டும் எடுத்து நேராக 12 வோல்ட்டில் இணைத்தால், காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். பாயிண்ட் இடைவெளியையும் அளக்க வேண்டும். அந்த ஃபோர்ட் எஞ்சினில் அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.64 மில்லிமீட்டர். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இல்லை என்பதை அறிந்த நமக்கு இந்த அளவின் அருமை எளிதில் விளங்கும்.

உரிய சிலிண்டருக்குப் போகிறதா? அந்த ஃபோர்ட் எஞ்சினில் தீ மூளும் வரிசை 1, 2, 4, 3. நம் ஊர்களில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய மோரிஸ் மைனரில் அது 1, 3, 4, 2. மோரிஸில் கை பழகியவர் பழக்கத்தாலேயே ஃபோர்டில் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டுவிடுவார். கெட்டிக்காரரே செய்யும் பிழை இது.

உரிய நேரத்தில் போகிறதா? முதல் சிலிண்டரின் பிஸ்டன், ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை காற்றை அழுத்திக்கொண்டு வரும். மறுமுறை புகையை வெளியேற்றிக்கொண்டு வரும். இரண்டாவதைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால் எல்லாம் தலைகீழ்தான். கார்புரேட்டரில் வெடித்த வெடியின் காரணம் பெரும்பாலும் இதுவே. பிளக் துளையில் கட்டை விரலை வைத்து அடைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். விரலைக் காற்று தள்ளினால் அதுவே சரியான ஏற்றம். பின்னர் ஒரு சிறு பல்பை பாயிண்டுக்கும் இரும்புக்கும் இடையே இணைத்து, உச்சிக்குச் சில பாகைகள் முன்னதாக, அந்த எஞ்சினுக்குரிய குறியில் அச்சை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பல்பு எரியும் அந்த நொடியே பாயிண்ட் பிரியும் நொடி. அங்கே முடுக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் சாவியைத் திருப்பினால், நாலு சிலிண்டரும் ஒன்றுசேர்ந்து உறுமுகின்றன. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது அந்த ஒற்றைக் காயில் 12,000 பொறிகளைத் தருகிறது, வினாடிக்கு இருநூறு!

மூடிய பெட்டி

வரலாறு அத்தோடு நிற்கவில்லை. பாயிண்ட் தேயும்; அடிக்கடி திருத்த வேண்டும். ஆகவே 1963 இல் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் டிரான்சிஸ்டர் நுழைந்தது. 1970களின் நடுவில் அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் பாயிண்டைக் கைவிட்டன. பின்பு டிஸ்ட்ரிபியூட்டரும் போயிற்று. எஞ்சின் அச்சில் 36 பற்களுக்குரிய ஒரு சக்கரத்தில் ஒரு பல்லை மட்டும் வெட்டிவிட்டு, அந்த வெற்றிடம் கடக்கும் நேரத்தைக் கொண்டே அச்சு எங்கே நிற்கிறது என்பதை அறியும் மின்னணுக் கருவிகளை ஃபோர்ட் கார்களில் காணலாயினோம். தாமே கார் கட்டுவோர் பலர் அக்கருவியைப் பழைய எஞ்சின்களுக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

இதனால் நன்மைகள் பல. பொறி வலிமையானது, எண்ணெய் மிச்சமாகிறது, புகை குறைகிறது. ஆனால் ஓர் இழப்பும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை ஒரு சிறுவன் திறந்து, உள்ளே சுழலும் கரத்தைக் கண்ணால் பார்த்துக் கற்றான். மின்னணுப் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. பார்த்துக் கற்ற தொழில், இனிப் படித்துக் கற்க வேண்டிய தொழிலாகிவிட்டது.

இதனால்தான் பெற்றோரிடம் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பட்டறையில் கை கறுத்து வேலை பழகும் பிள்ளையைப் படிப்பு வராதவன் என்று தள்ளிவிடாதீர்கள். புத்தகம் படிக்கும் பிள்ளையைக் கருவியைத் தொடாதே என்று தடுத்துவிடவும் வேண்டாம். ஃபாரடே கொல்லர் வீட்டிலிருந்து வந்தார். கெட்டரிங் கம்பி இழுத்த கையோடு வந்தார். பெர்த்தா கையில் கிடைத்ததைக் கொண்டு வழியோரத்தில் பழுது நீக்கினார். கையும் அறிவும் சேர்ந்த இடத்தில்தான் பொறி பறந்தது.

அடுத்த முறை மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுக்கும்போது, உதைப்பதைச் சற்று நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் மகனையோ மகளையோ அழைத்து, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பொறி உண்டா? உரிய இடத்துக்குப் போகிறதா? உரிய நேரத்தில் போகிறதா? விடையை அவர்களே தேடட்டும்.